பேரு சுரண்டிய பேனா

எங்கப்பாவின் டிரங்குப் பெட்டியை அவர் செத்து இரண்டு வருசம் கழித்துத்தான் திறந்தோம். திறக்க மனசு வரவில்லை என்று எழுதினால் அது பாதி உண்மைதான். சாவி எங்கே போச்சென்று யாருக்கும் தெரியாது, பூட்டை உடைக்க யாருக்கும் நேரமில்லை, அதுதான் மீதிப் பாதி. 2023இல் வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பெட்டியை வெளியே தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கொத்தனார் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

உள்ளே நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. மனுக்கள்தான் இருந்தன. சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு, தெருவிளக்கு கேட்டு மனு, குடிதண்ணிக் குழாய் கேட்டு, பட்டா கேட்டு, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கேட்டு மனு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். கார்பன் நகல் இல்லை, கையாலேயே இரண்டு தடவை எழுதியது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மைப்பேனாவை அழுத்தி எழுத முடியாது, அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும், அதனால் கார்பன் வைத்து எழுதுவதற்கு வழியில்லை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. இருநூறு மனு எழுதின ஆள் நானூறு மனு எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் அடியில், கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி அந்தப் பேனா இருந்தது.

எங்கள் வீட்டில் அதற்குப் பேரு சீமைப் பேனா. 'பாதிரியார் குடுத்தாரு, சீமையில இருந்து வந்தது' என்று அப்பா சொல்வார். நாங்கள் தொடக்கூடாது. எனக்குப் பத்து வயசு ஆகும் முன்னாலேயே அவர் பந்துமுனைப் பேனாவுக்கு மாறிவிட்டதால், அந்தப் பேனாவில் அவர் எழுதிப் பார்த்த ஞாபகம் மங்கலாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு முக்கில் கூண்டுக்குள் நிற்கிற அம்பேத்கர் சிலையின் கோட்டுப் பையிலும் ஒரு பேனா இருக்கும். சின்னப் பிள்ளையில், அந்தப் பேனாவும் எங்கப்பா பேனாவும் ஒரே இடத்தில் வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நல்ல கனம். கறுப்பா, பழுப்பா என்று சொல்ல முடியாத மங்கல் நிறம். மூடியில் பித்தளைக் கொக்கி, முலாம் போய்ப் பச்சை பூத்திருந்தது. நிப்பில் மை காய்ந்து கரிபோலப் பிடித்திருந்தது. மூடி மரையில் நூல் சுற்றியிருந்தது. உடம்பில் ஓர் இடத்தில், விரல் நீளத்துக்கு, யாரோ எதையோ வைத்துச் சுரண்டிய காயம்.

சீமைப் பேனா என்றால் எந்தச் சீமை, எந்தக் கம்பெனி? இதைக் கண்டுபிடிக்கணும், திரும்ப எழுத வைக்கணும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. சேரியில் ஒரு சீமைப் பேனா இருந்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமே என்கிற பெருமை.

நான் எம்.ஏ. தமிழ். தொல்காப்பியத்தை எழுத்ததிகாரத்தில் தொடங்கிப் படித்தவள். எழுதுகிற கோலைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. உடம்பில், மூடியில், கொக்கியில் எங்கேயும் ஓர் எழுத்து இல்லை. நிப்பில் மூன்று கோடும் ஒரு பூ மாதிரியான குறியும் மட்டும். நிப்பு மஞ்சளாக மின்னியதால் தங்கம் என்று நினைத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது. இது இரும்புச் சாதி, மேலே மஞ்சள் முலாம், அவ்வளவுதான். 'சாதி' என்ற சொல் எங்கெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

அடுத்து நான் செய்தது பெரிய முட்டாள்தனம். காய்ந்த மை இளகட்டும் என்று முழுப் பேனாவையும் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். பத்து நிமிசத்தில் எடுத்துப் பார்த்தால், மிச்சமிருந்த கறுப்பும் போய்ச் சாணி நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பாவின் பொருளை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மதுரையில் ஒரு பழைய பேனாக் கடை இருப்பதாகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனேன். கடையில் எழுபது வயசுக்கு மேலே ஒரு பெரியவர். பேனாவை வாங்கிப் பார்த்த உடனே, "வெந்நீர்ல போட்டியாம்மா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "பரவாயில்ல, எல்லாரும் செய்றதுதான்" என்று சொல்லிவிட்டு, பேனாவின் உடம்பைக் கட்டை விரலால் பரபரவென்று தேய்த்து என் மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாடை வருது?"

தீப்பெட்டி ஆபீஸ் வாடை வந்தது. எங்கள் பக்கத்துப் பொம்பளைகளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கந்தகம்" என்றேன்.

"அதான் எபோனைட். ரப்பர்ப் பாலையும் கந்தகத்தையும் கலந்து நேரங்காலம் பாத்துச் சூடுபண்ணினா மரக்கட்டை மாதிரி இறுகிப்போகும். கற்பூர வாடை வந்தா செல்லுலாய்டு. ஒண்ணுமே வரலைன்னா பிளாஸ்டிக்கு. எபோனைட்டுக்கு வெயிலும் ஆகாது, தண்ணியும் ஆகாது. கறுப்பு போயிப் பழுப்பு வந்துரும். வெந்நீர்ல போட்டா அம்பது வருசத்துல வர்ற பழுப்பு அஞ்சு நிமிசத்துல வந்துரும்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். மூடியைக் கழற்றினார். கழுத்தைத் திருகிக் கழற்றினார். உள்ளே ரப்பர்ப் பையும் இல்லை, இழுக்கிற தண்டும் இல்லை. வெறுங்குழாய். சொட்டுக் குழாயால் நேராக மை ஊற்றுகிற பேனா. குழாயின் உள்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வளையம் வளையமாக உளி ஓடின தடம். மரை ஒரே சீராக இல்லாமல் ஓர் இடத்தில் லேசாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"சீமைப் பேனான்னா கம்பெனி பேரு, ஊரு பேரு உடம்புலயே அச்சடிச்சிருப்பான். இது கடைசல் பட்டறையில கையால கடைஞ்சது. நம்ம ஆளு கடைஞ்சதுதாம்மா."

நம்ம நாட்டிலும் பேரு போட்டுப் பேனா செய்தவர்கள் இருக்கிறார்கள். ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்காரர்கள் 1930களில் காந்திக்கே சுதேசிப் பேனா செய்து கொடுத்தவர்கள். திருவள்ளூரில் ரங்கா, சென்னையில் ஜெம் என்று எபோனைட் பேனாவுக்குப் பேரெடுத்த இடங்கள் உண்டு. என் கையிலிருந்த பேனா இதில் எதுவும் இல்லை. பேரில்லாத ஒரு கடைசல்காரர், பேரில்லாத ஒரு பட்டறையில், கால்வயிற்றுக் கூலிக்குக் கடைந்து எறிந்தது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அது பெரியவருக்குத் தெரிந்துவிட்டது போல. "நிப்பையும் பாரு" என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். உயர்ந்த நிப்பு என்றால் முனையில் தேயாத உலோகத்தில் தனியாக ஒரு பொட்டு வைத்து ஒட்டியிருப்பார்களாம். இதில் அப்படி இல்லை. அதே தகட்டின் நுனியையே மடக்கி உருட்டி விட்டிருந்தது.

"நிப்ப வச்சுப் பேனாவுக்கு வயசு சொல்லக்கூடாதும்மா. நிப்பு செருப்பு மாதிரி. தேஞ்சா மாத்துவாங்க. பேனா அதே பேனாவா இருக்கும். எந்த ஊரு நீ?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். எந்த ஊரு, ஊருக்குள்ளே எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று அது போய் நிற்கிற இடம் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. தயங்கிக்கொண்டே சாத்தூர்ப் பக்கம் என்று சொன்னேன்.

"சாத்தூரா! அப்ப என்கிட்ட ஏன் வந்த? இது உங்க ஊரு நிப்பு மாதிரித்தான் இருக்கு. நிப்புப் பட்டறையில வேல பாத்தவங்க யாராச்சும் இருந்தா காட்டு. அவங்களுக்குத்தான் தெரியும்."

சாத்தூர் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அந்த ஊர் நிப்புக்குப் பேர்போன ஊர். வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் பட்டறை போட்டிருந்தார்கள். நாடு பூராவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேனாவுக்கு அங்கேயிருந்துதான் நிப்பு போகும். பந்துமுனைப் பேனா வந்து அந்தப் பட்டறைகளில் முக்கால்வாசியை மூட வைத்தது. பட்டறையில் வேலை பார்த்தவர்களைத் தேடி நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு எங்கள் அத்தை வீடு.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. பன்னிரண்டு வயசில், 1971இல் பட்டறைக்குப் போனது. 1994இல் பட்டறையை மூடும்வரை இருபத்து மூன்று வருசம் அங்கேதான். நிப்பை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுபோனேன். அத்தை கண்ணாடி போடவில்லை. கையில் எடுத்து, விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தது. நகத்தால் தட்டிப் பார்த்தது.

"நம்ம சாத்தூரு வெட்டுதான் தாயி. இந்தா பாரு, நடுவுல இருக்குற ஓட்ட ஒரு மயிரு எடம் எடப்பக்கம் சாஞ்சு இருக்கா? குத்தூசி தேஞ்சிருச்சுன்னா இப்பிடித்தான் விழுகும். மொதலாளி புதுசு மாத்த மாட்டாரு. நாங்களா சரிக்கட்டி அடிப்போம்."

பட்டறை வேலையை அத்தை நடித்தே காட்டியது. எஃகுத் தகட்டுச் சுருளை நீட்டி வைப்பார்களாம். தலையில் இரும்புக் குண்டு வைத்த கைப்பிரஸ். பிடியைச் சுற்றி இழுத்தால் அச்சு இறங்கி, இலை மாதிரி ஒரு துண்டு விழும். அடுத்த ஆள் ஓட்டை போடணும். அடுத்த ஆள் பூவும் எழுத்தும் அடிக்கணும். அதற்கடுத்து வளைக்கிற அச்சு, முனை உருட்டுகிறது, நடுவில் கீறுகிறது, தேய்த்து மெருகு போடுகிறது. ஒரு நிப்பு பத்துக் கை மாறி வரும். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. எழுத்துத் தெரியாத பிள்ளைகளெல்லாம் 144 எண்ணக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

"எழுத்து அடிக்கிற பிரஸ்ல நாலு வருசம் இருந்தேன் தாயி. என்ன எழுத்துன்னு தெரியாது. தலகீழா இருக்கா நேரா இருக்கான்னு மட்டும் தெரியும்" என்று சிரித்தது.

பிறகு அத்தையாகவே சொன்னது. பட்டறையில் கழித்துப் போடுகிற நிப்புகளில் தேறுவதாகப் பார்த்து, மாசத்துக்கு ஒன்றோ இரண்டோ முந்தியில் முடிந்து அண்ணனுக்குக் கொண்டுவருமாம். எடைக்குப் போகிற கழிவுதான். ஒரு தடவை வாசலில் சோதனை போட்டுப் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். "அதுக்கப்புறம் வாயில அடக்கிக் கொண்டாருவேன்."

ஆக, அப்பாவின் பேனாவில் இருந்தது அத்தை கொண்டுவந்த நிப்பு. எங்கள் தெருவுக்கு விளக்கு வந்ததும் குழாய் வந்ததும் சாத்தூர்க் கழிவு நிப்பு எழுதி வந்தது. எழுத்துத் தெரிந்த அண்ணனைத்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுத்துத் தெரியாத தங்கச்சி வாயில் அடக்கிக் கொண்டுவந்த நிப்பைப் பற்றி எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தையின் இடது பெருவிரலில் நுனி கிடையாது. சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகியதால், அது எப்படிப் போனது என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். 1978இல் பிரஸ்ஸில் போனது. தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்த கை, அச்சு இறங்கிவிட்டது. நாலு நாள் லீவு, ஆஸ்பத்திரிச் செலவு, அத்தோடு சரி.

"ஊருக்கெல்லாம் மனு எழுதுன எங்கப்பா உங்களுக்கு எழுதலையா அத்தை?"

"எழுதாம இருப்பானா. நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொண்டாந்து நீட்டுனான். நாந்தான் மாட்டேன்னேன். வேல போயிட்டா கஞ்சிக்கு என்ன செய்ய? ரெண்டு நாளு மல்லுக்கட்டுனான். கடேசியில, கைநாட்டு வைக்கிற விரலே போயிருச்சு, எத வச்சுடா நாட்டு வைக்கன்னு கேட்டேன். அப்புறம் அவன் பேசல."

அந்த மனுவைப் பெட்டியில் தேடினேன். இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நகல் வைத்தவர் இதை வைக்கவில்லை.

பேனாவின் உடம்பில் இருந்த சுரண்டலைப் பற்றியும் அத்தையிடம்தான் தெரிந்துகொண்டேன். பாதிரியார் கொடுத்தது, சீமையிலிருந்து வந்தது என்பதெல்லாம் கதை. அப்பா 1972இல் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் தெருவில் முதல் ஆள். மறுவருசம் பருத்தி மில்லில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில், இருக்கன்குடி ஆடித் திருவிழாக் கடையில் வாங்கிய பேனா. அங்கேயே பேரும் பொறித்துக்கொண்டார். எங்கள் தாத்தா பேரின் முதல் எழுத்தை இனிசியலாகப் போட்டு, ஒரு புள்ளி வைத்து, தன் பேரு.

சுடுகாட்டுப் பாதைக்காக மனு எழுதிக்கொண்டு அப்பா கிராம முன்சீப்பிடம் போயிருக்கிறார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, முன்சீப் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "இனிசியல் போட்டுக்கிற அளவுக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் தன் பையில் சொருகிக்கொண்டார்.

இனிசியல் என்றால் சாமானியமா? அப்பன் பேரைச் சொல்லி நிற்கிறது இல்லையா? எங்கள் ஆட்களை ஊருக்குள் அரைப்பேரு, கால்பேரு வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பல் முளைக்காத பிள்ளைகூட எங்கள் தாத்தாவை 'ஏலே' என்று கூப்பிடும். அந்தத் தாத்தாவுக்கு ஒரு பேரு இருக்கிறது, அந்தப் பேருக்கு ஒரு முதல் எழுத்து இருக்கிறது, அதை மகன் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நடக்கிறான். இதைத்தான் அந்த ஆளால் பொறுக்க முடியவில்லை.

தாத்தா நாலு நாள் முன்சீப் வீட்டு வாசலில் போய் நின்றார். அஞ்சாம் நாள் பேனா கிடைத்தது. அந்த எழுத்தைச் சுரண்டிவிடணும் என்று சொல்லிக் கொடுத்தாராம். தாத்தா வீட்டுக்கு வந்து, கண்ணாடிச் சில்லை எடுத்துவைத்துக்கொண்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பா பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அதுக்கப்புறந்தான் உங்கப்பன் சீமப் பேனா, பாதிரியாரு குடுத்ததுன்னு சொல்ல ஆரம்பிச்சான். அப்பிடிச் சொன்னா எவனும் புடுங்க மாட்டான்ல."

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துச் சுரண்டலைப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் வெறும் கீறல். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்துத் தெரிகிறது. அப்பாவின் பேரு இருந்த இடம் முழுக்கச் சுரண்டிப் போயிருக்கிறது. அதற்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் அப்படியே இருக்கின்றன. சுரண்டச் சொன்னது இனிசியலை. சுரண்டப்பட்டது பேரு.

அத்தையிடம் ஓடினேன். தாத்தா தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா?

"எனக்கென்ன தெரியும் தாயி. எங்கய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. சில்ல வச்சுக்கிட்டு, எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. திரும்பப் பேரு பொறிச்சுக்கடான்னு உங்கப்பன்கிட்ட நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். இருக்கட்டும்னுட்டான்."

1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் பதவிகளையெல்லாம் அரசாங்கம் ஒழித்துவிட்டது. அந்த முன்சீப் வீட்டு வாசலில் இன்றைக்கு யாரும் போய் நிற்பதில்லை. பேனாவில் காயம் இருக்கிறது.

இனி, பேனாவைச் சரிசெய்த கதை. நம்ம வீடுகளில் இப்படிப் பேனா கிடந்தால் உங்களுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பச்சைத் தண்ணியில் கழுத்தை மட்டும் மூழ்க வைத்தேன். உடம்பையும் மூடியையும் தண்ணி காட்டவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணி மாற்றினேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் லேசாக நீலம் கசிந்தது. மூன்றாம் நாள் டம்ளர் பூராவும் நீலம். எங்கப்பா எழுதாமல் விட்ட மை அது. கொட்ட மனசில்லாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

நிப்பையும் அதற்கடியில் இருக்கிற நாக்கையும் முறுக்கிப் பிடுங்கக்கூடாது. துளை போட்ட மரக்கட்டையில் கழுத்தைத் தலைகீழாக நிறுத்தி, பின்பக்கமிருந்து மெல்லிய கம்பியால் லேசாகத் தட்டினால் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும். கட்டையை எங்கள் தெரு ஆசாரி செய்து கொடுத்தார். நாக்கின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு வாய்க்கால் ஓடும். அதுதான் மையைக் கொண்டுவருவது. பிளேடு ஓரத்தால் அதைச் சுத்தம் செய்தேன். நிப்பின் கீறலுக்குள் காகித கனத்தில் பித்தளைத் தகட்டைவிட்டு இழுத்தேன். நிப்பின் இரண்டு பாதியில் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நகத்தால் அழுத்தி அழுத்திச் சமமாக்க ஒரு சாயங்காலம் ஆனது.

நிப்புக்கும் நாக்குக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மை வராது. இங்கேதான் வெந்நீர் உதவும். நாக்கை மட்டும் கொதிநீரில் சில நொடி வைத்தால் எபோனைட் இளகும். உடனே நிப்போடு சேர்த்துக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால், நிப்பின் வளைவுக்கு ஏற்றபடி படிந்து இறுகிவிடும். நாக்கு பழுப்பாகிப் போனாலும் அடியில் இருப்பதால் யாரும் பார்க்கப் போவதில்லை. மரையில் அப்பா சுற்றிய நூலை எடுத்துவிட்டு, பெரியவர் கொடுத்த சிலிக்கோன் கிரீஸைத் தடவினேன். வாசலின் போடாதே, ரப்பரைத் தின்றுவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

உடம்பின் பழுப்பைப் போக்க, மிக நைசான உப்புத்தாளால் தண்ணி தொடாமல் தேய்த்தேன். வீடெல்லாம் கந்தக வாடை. மேல்தோல் போகப் போக உள்ளேயிருந்து கறுப்பு வந்தது. நல்ல கறுப்பு. எங்கள் ஆட்களின் நிறம் என்று எழுதத் தோன்றுகிறது, எழுதிவிட்டேன்.

சுரண்டிய இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டேன். மதுரைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "கடைசல்ல பத்து நிமிசம் வச்சா இந்தத் தழும்பே தெரியாம எடுத்துரலாம். புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பேனாவைச் சரிசெய்கிறவருக்குத் தழும்பு ஒரு குறைதான். ஆனால் தழும்பை எடுத்தால் அந்த ஓர் எழுத்தும் புள்ளியும் சேர்ந்து போய்விடும். முன்சீப் சொன்ன வேலையை அம்பது வருசம் கழித்து நானே முடித்து வைத்த மாதிரி ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிப்பையும் மாற்றச் சொன்னார், ஓரத்தில் துரு ஏறியிருக்கிறது என்று. அதையும் வேண்டாமென்றேன். காரணத்தைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். காசு வாங்கவில்லை.

வரலாறு எழுதுகிறவர்கள் கல்வெட்டைப் படிக்கிறார்கள், செப்பேட்டைப் படிக்கிறார்கள். எழுத்து இருந்தால்தான் சான்று என்கிறார்கள். இந்தப் பேனாவில் எழுத்தாக இருப்பது ஓர் இனிசியலும் ஒரு புள்ளியும்தான். மீதி எல்லாம் வாடையிலும், உளித்தடத்திலும், ஒரு மயிரிழை சாய்ந்த ஓட்டையிலும், விரல்நுனி இல்லாத ஒரு பொம்பளையின் ஞாபகத்திலும் இருந்தது. பேனாவைப் படித்துச் சொன்னது எழுத்துத் தெரியாத கை. எழுத்துத் தெரிந்த நான் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

பிரில் இங்க் ஒரு பாட்டில் வாங்கி, சொட்டுக் குழாயால் ஊற்றினேன். முதல் கோடு விழவில்லை. தாளில் இரண்டு தடவை உதறினேன். பிறகு விழுந்தது. கொஞ்சம் கீச்சென்று சத்தம் போடுகிற நிப்பு. கழிவு நிப்புதானே.

என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தது. முதியோர் பென்சன் மூன்று மாசமாக வரவில்லை. பணம் கொண்டுவருகிறவரின் மிசினில் ரேகை விழமாட்டேன் என்கிறதாம். பெருவிரலில் நுனி இல்லை. மற்ற விரல்களில் இருபத்து மூன்று வருசம் நிப்பு தேய்த்து, அதற்கப்புறம் களை பிடுங்கி, ரேகையே இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால், மிசின் ஒத்துக்கொள்ளவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள்.

நான் இப்போதெல்லாம் மனுக்களைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். எழுந்து அதைத் திறக்கப் போனேன்.

"அதுல வேணாம் தாயி. இதுலயே எழுது" என்றது அத்தை.

எழுதினேன். பேரு எழுதுகிற இடத்தில், தாத்தாவின் எழுத்தை முதலில் போட்டு, ஒரு புள்ளி வைத்து, அத்தையின் முழுப்பேரையும் எழுதினேன். அப்பா செய்த மாதிரியே, நகலுக்காக இன்னொரு தடவையும் கையால் எழுதினேன். அத்தை அந்த நகலை வாங்கி, மை காயும் வரைக்கும் வாயால் ஊதிக்கொண்டே இருந்தது.